சுறாவும் சூடையும்

பேசாலை பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவள் மடியில் கைக்குழந்தை. ஆஸ்பத்திரியால் வருகிறார்கள்.

"என்ர தலைமயிரைப் பாத்தே நான் என்ன திண்டனான் எண்டு சொல்லிப்போட்டினம்" என்றாள்.

"அப்ப உன்ர உடம்பில பாதரசம் ஏறினது அந்த உடைஞ்ச தெர்மோமீற்றராலை இல்லையோ?"

"இல்லையாம். பாதரசத்தில பாரம் கூடினது, குறைஞ்சது எண்டு கன வகை இருக்காம். மீனாலை வந்ததெண்டா அந்த வகையளின்ர கலவை வேறயாம், என்ர மயிரில இருந்தது மீன்ர கலவைதானாம். நான்தான் அதை உடைச்சுப் பிள்ளைக்குக் கேடு செய்துபோட்டன் எண்டு எவ்வளவு அழுதனான்."

அவன் குழந்தையின் காலைத் தடவினான்.

"பால் ஊறட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் சுறா கொண்டுவந்தது நானெல்லே."

"ஓம், நீங்கள்தான் கள்ளன்." அவள் சிரித்தாள். "பிள்ளைக்கு ஒண்டுமில்லையாம். பெரிய மீனிலதான் பாதரசம் கூடவாம், இனி அதை விட்டிட்டுச் சின்ன மீன் சாப்பிடட்டாம்."

"சூடை கொண்டு வாறன்."

"ஐயோ, அது முழுக்க முள்ளு. பிள்ளையையும் வைச்சுக்கொண்டு என்னெண்டு தின்னுறது?"

"நீ பிள்ளையைப் பிடி. நான் முள்ளெடுத்து உன்ர வாயில தீத்தி விடுறன்."

"மெல்லச் சொல்லுங்கோ. ஆக்கள் கேக்கினம்" என்றாள்.