நீக்கச் சொல்லி நான் எழுதிய வரி

பெயர் லிங்கம் விஜயலெட்சுமி. வயது நாற்பத்து நான்கு. ஆசிரியை. பதுளை நகரில், எங்கள் குடும்பத்தின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் தாயாருடனும் தம்பியுடனும் வசிக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் அடுப்பைப் பற்றவைக்காமல், தம்பியின் மனைவி சிவானுஜாவின் பெயரைப் போனில் தேடினேன். அவருடைய படம் இன்னும் சில முகநூல் பக்கங்களில் இருக்கிறது. அதன் பின்னர் வாக்குமூலம் கொடுக்க இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

சிவானுஜா கடந்த மாதம் வீட்டை விட்டுச் சென்றார். தம்பி இந்திரஜித் அவரை அடிப்பது எனக்குத் தெரியும். வெயில் நாளிலும் அவர் நீளக்கைச் சட்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்; ஒன்றும் கேட்டதில்லை. “நீங்க போட்டாத்தான் சனம் நம்பும், டீச்சராச்சே அக்கா” என்று தம்பி சொன்னார். அதன் பின்னர் நானே ‘காணவில்லை’ என்று எழுதி, படத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்துப் பதிவிட்டேன். பலர் பகிர்ந்தனர்.

அதன் பின்னர் சிவானுஜா எனக்கு மட்டும் அழைத்தார். “நான் காணாமப் போகல அண்ணி, ஓடி வந்துட்டேன். பண்டாரவளையில துணிக்கடையில நிக்கிறேன். வர்றவங்கல்லாம் என் மூஞ்சியவே பாக்குறாங்க. எடுத்துருங்க” என்றார். என் பதிவை அழித்தேன். பகிர்ந்த பக்கங்களுக்கும் எழுதினேன். அதில் பெரிய பக்கத்தை நடத்தும் ஹபீஸ், “சும்மா அழிச்சா சனம் ஏசும் டீச்சர். ஆள் கிடைச்சத கீழ எழுதுங்க, எடுத்துர்றேன்” என்றார். அதன் பின்னர் அப்பதிவின் கீழே, ‘இவர் பண்டாரவளையில் துணிக்கடையொன்றில் நலமாக வேலை செய்கிறார், அழித்துவிடுங்கள்’ என்று எழுதினேன். பிள்ளைகளிடம் விடையை முழு வசனமாக எழுதச் சொல்லிப் பழகிய கை.

மறுநாள் மாலை, தம்பி போனைப் பார்த்துவிட்டுக் கடையைக்கூடப் பூட்டாமல் வான் வண்டியில் சென்றதாகத் தாயார் கூறினார். நான் எழுதியதைப் பார்த்துத்தான் போயிருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. முதலில் அந்த வரியை அழித்தேன். அது போய்விட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதன் பின்னரே சிவானுஜாவுக்கு அழைத்தேன். வேறொருவர் எடுத்து, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். தாடை உடைந்திருப்பதால் அவரால் இன்னும் பேச முடியாது.

“பொலிசுல கேட்டா, அந்த வரி யாரோ பொறாமையில எழுதுனதுன்னு சொல்லிரு. உன் கூடப் பொறந்தவன்டி” என்று தாயார் இன்று வாசலில் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, யாவும் உண்மை. ஒப்பமிடுமுன் ஒன்றைச் சேர்க்கக் கேட்கிறேன். வழக்கு வரும் நாளில் தம்பிக்கு எதிராக நானே சாட்சி சொல்வேன். வீட்டில் இது எவருக்கும் தெரியாது.

(ஒப்பம்) லி. விஜயலெட்சுமி