நாக்குக்கு அடியில் வைக்காதே

“ஹலோ... ஹலோ, புஷ்பா?... அழுகாம சொல்லும்மா, ஒன்னும் வெளங்கல... யாருக்கு?... மச்சானுக்கா?... நெஞ்சு வலியா? எப்பலேருந்து?”

சன்னாசி வேனைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்திருந்தார். சிம்பாங் பூலாய் ஊரை இன்னும் தாண்டவில்லை. வேனில் பதினோரு பெண்கள், கையுறைத் தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். பேசுவது அவருடைய ஒரே தங்கை புஷ்பலதா, குனோங் ராபாட்டிலிருந்து. மச்சான் என்றது அவள் புருஷன் சீனியை.

“ஆமா... ஆமா... வேர்க்குதா?... கையும் இழுக்குதா?... ஆம்புலன்ஸுக்கு அடிச்சியா?... பக்கத்து வீட்டு கத்தரின் அடிச்சிட்டாங்களா, நல்லது. ஆள ஒக்கார வையி, நடக்க விடாத... என்னது?... என்ன மாத்திர?”

சன்னாசி போனை மறு காதுக்கு மாற்றினார்.

“வைக்காத!... புஷ்பா, அத வைக்காத!... ஆமா, அந்த சின்ன பாட்டில்தான், நாக்குக்கு அடியில வைக்கிறது... இப்ப எங்க இருக்கு?... ஒன் கையிலயா? கையிலயே இருக்கட்டும்... தெரியும்மா, டாக்டரு குடுத்ததுதான்... வலி வந்தா வைக்கச் சொன்னாங்க, தெரியும்... இன்னிக்கு மட்டும் வேணாம். இரு, கீழ எறங்குறேன்.”

வேனுக்குள் வைத்துப் பேசுகிற சமாச்சாரமா இது? இறங்கிப் பத்தடி நடந்தார். சுண்ணாம்பு மலையிலிருந்து கல் ஏற்றி வந்த லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

சன்னாசிக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. அதனால் வந்த ஆண்மைக் குறையை அவர் ஒரு வருஷம் மனதுக்குள் வைத்துப் புழுங்கி, கடைசியில் கிளினிக் டாக்டரம்மாவிடம் தரையைப் பார்த்தபடியே சொன்னார். அந்தம்மா சிரிக்கவில்லை. இருதயத்தைச் சோதித்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை எழுதினார். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர்கள் இதைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும், ஆள் எழுந்திருக்கமாட்டார் என்று இரண்டு தடவை சொன்னார். சன்னாசிக்கு இருதயத்தில் கோளாறு இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

போன மாதம் சீனியும் அதே குறையைச் சொல்லி முணுமுணுத்தபோது, அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நாலு மாத்திரை கொடுத்தார். தோட்டத்து லய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மருந்தும் மிளகாய்த்தூளும் ஒன்றுதான். பக்கத்தில் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். சீனி அதைத் திருநீறு வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

இன்று மத்தியானம் சீனியிடமிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது. மகனும் மருமகளும் கேமரன் மலைக்குப் போய்விட்டார்கள், வீடு காலி என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

“ஏன்னா... ரெண்டும் சேரக் கூடாது புஷ்பா... எதோடவா?... இன்னொரு மாத்திர... மச்சான் மத்தியானம் ஏதும் போட்டாரா, பாத்தியா?... பிரஷர் மாத்திர இல்ல, வேற... சும்மா, சத்து மாத்திர மாதிரி... ஐயோ, வைட்டமின் இல்லலா!”

அண்ணன் தங்கையிடம் வாயைத் திறக்கக் கூடாத பேச்சு இது. டிவியில் முதலிரவுக் காட்சி வந்தால் அவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோவார், அவள் பாத்திரம் தேய்க்கப் போவாள். ஐம்பது வருஷமாக அந்தக் குடும்பத்தில் இதுதான் ஏற்பாடு.

“என்ன சத்தம் அங்க?... மச்சான் கேக்கிறாரா?... குடுக்காத!... கைய முறுக்குறாரா?... வலி உயிர் போவுதுதான், தெரியும்... பாட்டிலத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய எறி!... எனக்குப் பைத்தியமா? சரி, பைத்தியம்தான், அப்புறமா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோய் சேரு. இப்ப நான் சொல்றதக் கேளு... ஏன், ஏன்னு கேக்காத... புஷ்பா!... புஷ்பா, வைக்கப் போறியா?”

ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். ஆனால் வெட்கம் இருக்கிறதே, அது பாவத்தைவிடப் பிடிவாதமானது. இன்னும் ஒரு நிமிஷம் சன்னாசி வெட்கப்பட்டால் தங்கை தாலி போய்விடும். பக்கத்தில் லாரி இரைச்சல். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“ஆம்பள மாத்திர புஷ்பா! புருஷன் பொஞ்சாதி சேர்றதுக்குப் போடுற மாத்திர! அந்த நீல மாத்திர! அத மச்சான் தின்னிருக்காரு!”

அவர் கத்தி முடிப்பதற்குள் லாரி போயே போய்விட்டது. வேனின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே யாருடைய சாப்பாட்டு டப்பா மூடியோ கீழே விழுந்து உருண்டது. முன் சீட்டு சரளா, மலையில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புஷ்பா?... இருக்கியா?... ம்... ஆமா. நான்தான் குடுத்தேன்... எனக்கு டாக்டரு எழுதினது... அதோட இத வச்சா பிரஷர் ஒரேயடியா எறங்கிரும்மா, ஆளே போயிருவாரு... மொதல்லயே நாக்கு அடியில ஏதும் வச்சாரா?... வைக்கலயே? சத்தியமா?... முருகா... எத்தன மணிக்குத் தின்னாரு, கேளு... கேளும்மா... ரெண்டு மணிக்கா? எத்தன?... ஒன்னுதான். சரி... சரி சரி, அதுக்கு மேல நீ சொல்ல வேணாம்!”

முகம் எரிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

“கேக்குது, சைரன் எனக்கும் கேக்குது... வந்துட்டாங்களா? மொதல்ல இதச் சொல்லிரு. நெஞ்சு வலின்னதும் அவங்களும் அதே மருந்தத்தான் எடுப்பாங்க... என்னது, சொல்ல மாட்டேங்கிற?... சின்ன வயசுப் பையனா இருந்தா என்ன? அவன் டியூட்டி அது... அக்கம்பக்கம் நிக்கட்டுமே!... இந்தா பாரு, நான் இங்க பதினோரு பொம்பளைங்க முன்னால ரோட்ல நின்னு கத்தியிருக்கேன். நீ ஒரு ஆள்கிட்ட சொல்ல மாட்டியா?... ஆ... மலாய்ல சொல்லு. ஊபாட் குவாட், சக்தி மருந்து, அப்படின்னு சொன்னா அவனுக்குப் புரியும். ரெண்டு மணிக்குன்னு சொல்லு. அட்ட அவரு பர்ஸ்ல இருக்கும், எடுத்துக் காட்டு... சத்தமா... இன்னொரு தடவ சொல்லு...”

காதோடு போனை அழுத்திக்கொண்டு நின்றார்.

“சொல்லிட்டியா?... அட்டயப் பாத்தானா?... எழுதிக்கிட்டானா... கையில இருந்த பாட்டிலயும் வாங்கிக்கிட்டானா... நல்ல புள்ள, நல்லாருக்கட்டும்... என்ன சொன்னான்?... சொன்னது நல்லதாப் போச்சுன்னானா...”

சன்னாசிக்கு அழுகை வந்தது. பெண்கள் பார்க்கிறார்களே என்று அடக்கவும் தோன்றவில்லை.

“ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்களா?... பேசுறாரா?... கண்ணு தொறந்திருக்குல்ல... நீயும் கூட ஏறு. கத்தரின் வீட்டப் பூட்டிப்பாங்க. நான் இவங்கள எறக்கிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்கு வாரேன்... அங்க டாக்டர்கிட்டயும் மறுபடி சொல்லணும், மறந்திராத... ஆமா... ஆமா... என்னம்மா?... ஆமா, டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்... ரெண்டு தடவ சொன்னாங்க... மச்சான்கிட்ட சொன்னேனாவா?”

சொன்னேன், அவர்தான் மறந்திருப்பார் என்று சொல்லிவிடலாம். மறுத்துப் பேச சீனி இப்போது எழுந்து வரப்போவதில்லை. மாத்திரை கொடுத்த அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில், சீனியின் சட்டைப் பையில் அந்தச் சின்ன பாட்டில் துருத்திக்கொண்டிருந்ததை சன்னாசி பார்த்தார். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கும் வந்தது. ஆனால் அதை எடுத்தால், யார் எப்போது எப்படி என்றெல்லாம் பேச்சு வளரும். மச்சான் வெட்கப்பட்டுச் சிரித்தார், இவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

“இல்லம்மா... சொல்லல.”

அவள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“மறக்கல புஷ்பா... வெக்கமா இருந்துச்சு. அதான் சொல்லல... புஷ்பா?... திட்டு, என்னை நல்லாத் திட்டு... ஹலோ?... ஏதாச்சும் சொல்லேம்மா...”

அவள் திட்டவில்லை. போனை அணைத்துவிட்டாள்.