தெற்கு மூலை வளை

எனக்குப் பறவை என்றால் உயிர் என்று ஊரில் சொல்வார்கள். தப்பு. காகம், புறா எல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தரைக்குள் வளையில் குடியிருக்கும் இந்தக் குட்டை ஆந்தைகளைத்தான் பிடிக்கும். ஆளைக் கண்டால் ஓடாமல் வாசலில் நின்று முறைக்கிற அந்தத் திமிர் பிடிக்கும். நீங்கள் வனவிலங்குத் துறைக்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் வயல்களை விற்று வீடு கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன் வளைகளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. வளை வாயில் ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவை மாட்டுவோம். ஆந்தை வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. பிறகு கேமராக் குழாயை விட்டுப் பார்த்து, ‘காலி’ என்று நான் சொன்னால்தான் மண்ணை மூடலாம். குஞ்சு இருந்தால் கதவே மாட்டக் கூடாது. அவை பறக்கும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தெற்கு மூலை வளையில் குஞ்சுகள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கேமராவைக் கொத்தின. கட்டுமான முதலாளி ஹால்வர்சனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை.

“வேலை நின்னா பேங்க்காரன் விடமாட்டான், ஒஃபேலியா. கால்வாய்க்கு மேற்கால இருக்கிற நிலத்தையும் வித்துத்தான் ஆகணும். அங்க எவ்வளவு ஆந்தை இருக்குன்னு உனக்கே தெரியும். இந்த ஒண்ணை மட்டும் காலின்னு சொல்லு. அந்த நிலம் மொத்தமும் உன் ஆந்தைங்களுக்குத்தான்.”

ஒரு வளைக்கு ஒரு நிலம். நீங்களே யோசித்துப் பாருங்கள், இதில் எது நியாயம்? ஹால்வர்சன் வாக்கும் தவறவில்லை. மேற்கு நிலம் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

மண் தள்ளும் வண்டியை ஓட்டுபவர் நிக்கானோர். ஓணான் குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்துகிற மனிதர். நான் டாக்டர் இல்லை, அவர் கிண்டலுக்கு அப்படிக் கூப்பிடுவார்.

“என்ன டாக்டர், உங்க பேஷண்ட் எல்லாம் டிஸ்சார்ஜ் ஆயாச்சா?”

“ஆயாச்சு. மூடிடுங்க.”

அவர் எதற்கும் ஒருமுறை இறங்கி வந்து வளை வாயில் குனிந்தார்.

“உள்ள ஏதோ சீறுதே.”

இந்தக் குஞ்சுகளுக்கு ஒரு வித்தை தெரியும். பயந்துவிட்டால், வாலை ஆட்டி மிரட்டுகிற கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரியே சத்தம் போடும். அதைக் கேட்டு நாயும் நரியும் விலகிப் போய்விடும். அவற்றுக்கு வேறு பாதுகாப்புக் கிடையாது.

“பாம்புதான்,” என்றேன். “காலி வளைன்னா உள்ள வந்து சுருண்டுக்கும். தள்ளி வாங்க.”

என் குரல் நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அவர் மண்ணைத் தள்ளி, வண்டியை ஏற்றி அழுத்தினார். தாய் ஆந்தை வேலிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. அலகில் வெட்டுக்கிளி இருந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மதியம் நிக்கானோர் தன் டார்ட்டியா ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

“அந்தப் பாம்பை விட்டிருந்தா உங்க ஆந்தைக் குஞ்சுங்களை ஒண்ணு விடாம முழுங்கியிருக்கும். நல்ல காரியம் பண்ணோம், இல்ல டாக்டர்?”

“ஆமாம்,” என்றேன். சொல்லும்போது நானும் அதை நம்பினேன்.