முதலாளி வலம் வந்த விமானம்

உங்கள் ஸ்டேஷன் ஜீப்பில் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, ஸார். வரும் வழியிலேயே கவனித்தேன். சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

என் பெயர் கருப்புசாமி. கஞ்சிக்கோட்டில் இரும்பு ஃபாக்டரியும் பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட்டும் வைத்திருந்த நாச்சிமுத்து முதலாளிக்கு இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டினேன். ஃபாக்டரியிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏழு மணி நேரம். குட்டிக்கானம் ஏற்றத்தில் பின்சீட்டில் குறட்டை விடுவார். எந்த வளைவிலும் அந்தக் குறட்டை அறுந்ததில்லை.

போன வருஷம், 1975-இல், விமானம் வாங்கப்போகிறேன் என்றார். பம்பாய்க் கம்பெனி ஒன்று ஓட்டிய பழையது; இறக்கைக்கு ஒரு விசிறியாக இரட்டை எஞ்சின் டர்போப்ராப், எட்டு சீட். பழைய லாரி வாங்க என்னை அழைத்துப்போவது வழக்கம். இதற்கும் அழைத்துப்போனார். மூன்று நாள் அதன் அடியில் படுத்து எண்ணெய்க் கசிவு தேடினேன். எஞ்சினைப் பிரித்துப் பார்க்குமுன் இன்னும் ஆயிரம் மணி நேரம் ஓடலாம் என்று லாக் புத்தகத்தில் இருந்தது. ஒரு குறையும் அகப்படவில்லை. அவ்வளவு வேதனைப்பட்டதே இல்லை.

திரும்பும்போது முதலாளி சொன்னார்: "இனி முக்கா மணி நேரந்தான்டா கருப்பா. நீ கேட்டுல உக்காந்து போற வார லாரிக்குச் சலாம் போடு."

"ஆகட்டுங்க," என்றேன்.

ஃபாக்டரிக்குப் பின்னால் போட்ட ஓடுதளத்தில் பைலட் கனி எஞ்சினை ஓட்டிப் பார்த்த அன்று ஓர் ஆட்டை அவிழ்த்துவிட்டேன். விசிறி சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, ஸார். அந்த இடத்தில் வெறும் வெயில்தான் இருக்கும். ஆடு அந்த வெயிலுக்குள் போனது. முன்பாதியைச் சாயங்காலம்வரை தேடினோம்.

பழைய சொந்தக்காரன் கண் வண்டிமேல் இருக்கிறது, அதுதான் ஆட்டைக் கேட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். எஞ்சின் ஓட ஓடப் புதுச் சொந்தக்காரரே பூசணிக்காய் ஏந்தி வலம் வந்தால் கழியும் என்றேன். எஞ்சின் ஓடும்போது யாரும் கிட்டே வரக்கூடாதென்று கனி மன்றாடினார்.

"லாரிக்குப் பூஜை போட்டா எஞ்சினை நிறுத்தீட்டா போடறோம்? கருப்பன் பாத்துக்குவான்," என்றார் முதலாளி.

பார்த்துக்கொண்டேன். சத்தத்தில் பேச்சு எடுபடாது. ரிவர்ஸில் வரும் லாரிக்கு வழி காட்டுவதுபோல், இறக்கை ஓரமாக நின்று கையால் 'வரட்டும், வரட்டும்' காட்டினேன். பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, என் கையை மட்டும் பார்த்தபடி வந்தார். நான்காவது தடவை ஆட்டியபோது கையைப் பார்க்க அவருக்குத் தலை இல்லை.

காய்க்குள் குங்குமம் நிறைய அடைத்திருந்தோம். எல்லாம் ஒன்றாய்த் தெறித்ததில் அவர் மனைவி கமலாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். கண் கழிந்ததென்று கூட்டம் கைதட்டியது. உடம்பு கொஞ்ச நேரம் நின்றது. வாட்ச்மேன் சுடலை அதை இழுக்க ஓடினான். அவன் வலது கை முழங்கையோடு போயிற்று. அவனை நான் கூப்பிடவில்லை.

கனியை லாக்கப்பிலிருந்து விட்டுவிடுங்கள். கை காட்டியது நான். விசிறி எங்கே இருக்கிறதென்று தெரிந்துதான் காட்டினேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அது யாரோ ஓட்டிக் கழித்த விமானம், ஸார். அதில் ஏறிப்போய் முதலாளி உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது?