கோட்டுக்கு ஒரு சாண்

— பையப் பையங்கண்ணா… துணியத் தட்டி உடாதீங்க. சூடு ஜாஸ்தியா?

— உப்பு ஒத்தடமா இது? கொள்ளிக்கட்டைய வெச்ச மாதிரி இருக்குது.

— தணல்ல வறுத்த உப்புங்க. விடியறதுக்குள்ள வீக்கம் வத்தீரும். எங்கம்மா குடுத்துது.

— யாருக்குன்னு சொல்லி வாங்கியாந்தே?

— காளப்பநாயக்கன்பட்டி அர்த்தநாரியண்ணனுக்குன்னு. "சடுகுடுல பொய் சொன்னானே, அவனுக்கா?"ன்னு கேட்டுது. அப்புறம், "வாய்தான சொல்லுச்சு, கன்னம் என்ன பண்ணுச்சு"ன்னு உப்ப அள்ளிப் போட்டுது.

— அட போடா. ஒரே சாயங்காலத்துல உங்க மலை பூராப் பேரு வாங்கீட்டேன். அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து மூச்சு வாங்க ஏறி வந்தது அறை வாங்கத்தான் போல. உள்ள எங்க பசங்க தூங்கறானுங்களா?

— பள்ளிக்கூடத்துக்குள்ள பூராப் பேரும் தூங்கறாங்க. உங்க சித்தப்பா கொறட்டையில கூரைப்புல்லே ஆடுதுங்க.

— அறைஞ்ச கையி அசந்து போயிருக்கும். இந்தப் பனியில, வெளக்குக்கூட இல்லாம நீ ஏண்டா வந்தே?

— யுத்தம் வந்ததுல இருந்து மண்ணெண்ணெய் ஏதுங்க? நெலா இருக்குதல்ல.

— கெலிச்சவன் போத்திப் படுத்துத் தூங்க வேண்டியதுதான?

— தூக்கம் வரலீங்க.

— எனக்கு வராததுக்குக் காரணம் இருக்குது. "இந்தச் சின்னக்கண்ணு கோட்டத் தொடறதுக்கு முன்னாலயே சடுகுடுப் பாட்ட உட்டுட்டான், நான் கேட்டேன்"னு ஊரு முன்னால உன்னியக் காட்டிக் கத்துனேன். எவன் நம்புனான்? அத்தன தப்பட்டச் சத்தத்துல உனக்கு மட்டும் எப்படிடா கேட்டுதுன்னு எங்க சித்தப்பா அறைஞ்சாரு. உங்க சென்னியப்பன் வாத்தியாரு உன்ற கையப் புடிச்சுத் தூக்கி, "என்ற பையன் பொய் சொல்லமாட்டான்"னாரு. உனக்கென்ன கேடு வந்துது?

— அந்தக் கைதாங்கண்ணா.

— எந்தக் கை?

— அவரு தூக்குன கை. சோறு அள்ளவே கூச்சமா இருக்குதுங்க.

— என்னடா ஒளர்றே?

— காத்தால பெரியசாமி கோயில்ல ரெண்டு பேரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணோணும்னு உங்க சித்தப்பா சொல்லீட்டாரு. பாட்டு அந்து போனத என்ற காதால கேட்டேன்னு நீங்க. அந்து போகலைன்னு நானு. என்னால அணைக்க முடியாதுங்கண்ணா.

— கை சுட்டுரும்னு பயமா?

— கை சுட்டா உப்பு ஒத்தடம் வெச்சுக்கலாமுங்க.

— அப்புறம் என்ன?

— உட்டுட்டேனுங்க.

— என்னத்த?

— பாட்ட. கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கயில மூச்சு அந்து போச்சு.

— நெசமாவாடா?

— நெசந்தானுங்கண்ணா. திட்டீருங்க.

— எங்கடா? எந்த எடத்துல அந்துது?

— நீங்கதான காதால கேட்டீங்க?

— கேட்டேன், கேட்டேன். உன்ற வாயால வரட்டும்.

— நீங்க கணுக்காலப் புடிச்சுட்டீங்க. ரெண்டு பேரு இடுப்புல. அத்தன பேரையும் இழுத்துக்கிட்டுத் தவழ்ந்து வந்தேன். கையி கோட்டுக்கு எட்டல. "சடு" வந்துது, "குடு" வரல. வாய மூடிக்கிட்டு மூக்கால ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தத் தெம்புலதான் கோட்டத் தொட்டேன். தொட்டதுக்கப்புறம் எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி ஓங்கிப் பாடுனேன் பாருங்க, அதுதானுங்க பெரிய பொய்.

— அட கழுதை! இத அங்கியே சொல்லியிருந்தா என்ற கன்னம் தப்பிச்சிருக்குமல்ல?

— சொல்லத்தான் வாயத் தெறந்தேனுங்க. எங்க வாத்தியாரு மொத நாளே சொன்னது அதுதான். "மூச்சு போனா மொதல்ல உனக்குத்தான் தெரியும். அடுத்தவன் சொல்லட்டும்னு நிக்காதே, நீயே வெளிய வந்துரு"ன்னு. எத்தனையோ தடவ வந்திருக்கறேன். இன்னிக்கு ஊரே தூக்கித் தோள்ல வெச்சுட்டாங்க. எங்கப்பன் தலைப்பாவ அவுத்து வீசுது. மேல இருந்து எறங்க மனசு வரல.

— தோள்ல உக்காந்தா இனிக்குமல்ல.

— இனிச்சுதுங்க. அதத்தான் யாருகிட்டயும் சொல்ல முடியல.

— காத்தால சொல்லிப்புடு. கோயில்ல, எங்க சித்தப்பன் முன்னால, நல்லா ஓங்கி. எங்க கட்சிப் பசங்க காதுலயும் உழுகோணும். ஒரு வருசத்துக்கு ஆட்டத்துப் பக்கமே வராதேன்னு என்னியத் தள்ளி வெச்சிருக்கறானுங்க, தெரியுமல்ல?

— தெரியுமுங்க. வாத்தியாரு மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான்…

— பாக்காதே. தரையப் பாத்துக்கிட்டே சொல்லு.

— பழையபடியாங்க?

— என்ன பழையபடி?

— மூணு வருசத்துக்கு முன்னால நான் யாரையும் நிமிந்து பாத்ததில்லீங்க. பேரக் கேட்டாத் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். மிளகு மூட்டையத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்கு எறங்குனா, தராசு புடிக்கறவரு சொன்னதுதான் எடை. எங்கப்பனும் வாயத் தெறக்காது, நானும் தெறக்கமாட்டேன். வாத்தியாருதான் பாறை மேல நிறுத்தி, எதிர் மலை திருப்பிச் சொல்ற வரைக்கும் சடுகுடு பாடுன்னாரு. மொத நாளு பூனைக்குட்டியாட்டம் கத்துனேன்.

— இன்னிக்குச் சிறுத்தையாட்டம் இருந்துது.

— அதுக்கப்புறம் ஒரு நாளு சந்தையில, "தராச எறக்குங்க, மறுக்காப் போடுங்க"ன்னு நானே கேட்டேன். எங்கப்பன் என்னிய யாரோ மாதிரிப் பாத்துது. அந்தச் சத்தம் சடுகுடு குடுத்ததுங்கண்ணா. அதே சத்தத்துல பொய் சொல்லீட்டேன்.

— சரி சரி, அழுகாதே. உள்ள முழிச்சுக்குவானுங்க.

— உங்களப் பாத்தாத்தான் அழுகை வருது. உண்மையச் சொன்னதுக்கு அடி வாங்குனீங்க. வாங்கியும் ஒரு சொல்லு மாத்தாம நின்னீங்க. நானா இருந்தா மொத அறையிலயே "பொய்தாங்க"ன்னு கால்ல உழுந்திருப்பேன்.

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— அத்தன சத்தத்துலயும் உங்க காதுல உழுந்துதுன்னா, பெரியசாமியே கேக்க வெச்சதுன்னு நெனச்சேனுங்க. அதான் படுக்க முடியல.

— டேய், ஒத்தடம் போதும். கைய எடு.

— சுடுதுங்களா?

— எடுன்னா எடு! இங்க பாரு சின்னக்கண்ணு, யோசிச்சுச் செய்யி. நீ சொல்லீட்டா உன்னியும் தள்ளி வெப்பாங்க. அடுத்த மாசம் சேலத்துல ஆட்டம். உங்க மலையில இருந்து இதுவரைக்கும் எவனாச்சும் சேலத்துக்கு ஆடப் போயிருக்கறானா?

— இல்லீங்க.

— அப்புறம்? கன்னம் ரெண்டு நாள்ல வத்தீரும். சித்தப்பன் நாலு நாள்ல மறந்துருவாரு. நான் கோயில்ல, "சரியாக் கேக்கல, தப்பாச் சொல்லீட்டேன்"னு ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கிப் போயிடறேன். சூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

— எனக்காகப் பொய் சொல்லப் போறீங்களாண்ணா?

— பொய்யின்னு… அது வந்துடா…

— வேண்டாமுங்க. ஒரு கன்னம் எனக்காக வீங்குனது போதும். காத்தால வரைக்கும் இருந்தா எனக்கு மறுக்காப் பயம் வந்துரும். இப்பவே போயி வாத்தியாரு ஊட்டுக் கதவத் தட்டறேன். அர்த்தநாரியண்ணன் சொன்னதுதான் நெசம்னு சொல்லிப்புடறேன்.

— நில்லு.

— உடுங்கண்ணா. கணுக்காலப் புடிக்காதீங்க.

— நில்லுடான்னா! நீ பாட்டு உட்டத அவருகிட்டச் சொல்லிக்கோ. நான் சொன்னது நெசம்னு மட்டும் சொல்லாதே.

— ஏனுங்க?

— மலைப் பசங்ககிட்டத் தோத்துட்டமேன்னு வவுறு எரிஞ்சு, வாய்க்கு வந்ததக் கத்துனேன்டா. உன்ற மூச்சு அந்து போனது எனக்குக் கேக்கவே இல்ல.