மூன்றாவது சர்வர்

ராத்திரி ஏழு மணி. மரக்காணம் உப்பளத்துக்குள் போகும் மண்பாதை... தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர். என் நண்பன் அரவிந்தனுடைய மச்சான் கலையரசன் அந்த வழியில் தனியாகப் பைக்கில் போனான். நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். பேய் என்றால் சிரிப்பான்.

வீட்டில் அந்தச் சிரிப்பு செல்லாது. இருட்டிய பிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் வெளியே வரவேண்டும், 'அது' இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள் அவன் மனைவி சத்யப்ரியா. நாலு வயதுப் பூங்குழலி, அப்பாவே ஆனாலும் மூன்று முறை கூப்பிட்டால்தான் ஓடி வருவாள். அவள் தூங்குவதற்குள் கிளியனூர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவனுக்குத் தவிப்பு.

உப்பள ஆபீஸில் நெட் அடிக்கடி நின்றது. நாம் கேட்கிற இணையதளப் பெயருக்கு முகவரி எண் சொல்கிற சர்வர் ஊமையானால், தானாக அடுத்ததைக் கேட்கும்படி அமைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சர்வர் பட்டியலைத் திறந்தால், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

வாட்ச்மேன் தனகோடி எட்டிப் பார்த்தார்.

"அந்த மூணாவது, முன்னாடி இங்க நெட் பாத்த சிவப்பிரகாசம் சார் போட்டதுப்பா. பம்ப் ஷெட்ல வெச்சிருந்தாரு. போன புயல்ல ஷெட்டோட அவரும் போயிட்டாரு... அத எடுத்துடு."

"செத்த பெட்டி என்னாண்ணே பண்ணப் போவுது?"

டெஸ்ட் பண்ணிவிட்டு அழித்துக்கொள்ளலாம் என்று விட்டான். அங்கேதான் சனி பிடித்தது.

ஒன்று நின்றால் அடுத்ததைக் கேட்கிறதா என்று பார்க்க, முதல் இரண்டு சர்வரையும் துண்டித்தான். முன்பே சேமித்து வைத்த பதில் வந்துவிடாதபடி, நெட்டில் எங்குமே இல்லாத ஒரு பெயர் வேண்டும். யோசிக்காமல் மகள் பெயரை அடித்தான்.

முதல் சர்வர்... பதில் இல்லை.

இரண்டாவது... பதில் இல்லை.

வெளியே, ஷெட் இருந்த பக்கம், மோட்டார் ஓடும் சத்தம். தட்... தட்... தட்... அழுகிய சேற்று நாற்றம் குப்பென்று அடித்தது. தனகோடி எழுந்து நின்றுவிட்டார்.

மூன்றாவது... பதில் வந்துவிட்டது.

திரையில் ஓர் எண். கிளியனூரில் அவனுடைய வீட்டு நெட் எண். அவன் கையால் போட்டது, மறக்குமா?

உடனே வீட்டுக்குப் போன் போட்டான்.

"ஏங்க, இன்னா மறந்துட்டீங்க? இப்பதானே வாசல்ல நின்னு பாப்பாவ மூணு வாட்டி கூப்ட்டு, தூக்கிக்கினு போனீங்க?" சத்யப்ரியா சிரித்தாள். "ஆமா, வாசப்படி பூரா இன்னா இவ்ளோ உப்பு? கால கழுவிட்டு வரக் கூடாதா?"