கழித்துப் பார்த்ததில் கிடைத்தது

லினக்ஸில் பாட்டு ஃபைல்களைச் சுருக்க எந்த மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால், எதற்காகச் சுருக்குகிறீர்கள் என்று முதலில் கேட்பேன் சார். ஃப்ளாக் என்ற மென்பொருள் எதையும் தூக்கி எறியாது. லேம் அப்படியில்லை. பெரிய சத்தத்துக்கு அடியில் கிடக்கும் சின்னச் சத்தம் எப்படியும் காதில் விழாது என்று முடிவுகட்டி அதைக் கழற்றிவிடும். எனக்கு லேம்தான் தேவைப்பட்டது.

என் மனைவி பாடுவாள். பின்னறையில் பின்னணி இசையை ஸ்பீக்கரில் அலறவிட்டுப் பதிவு செய்வாள். அவள் இறந்த இரண்டாவது வாரம் மைத்துனன் வந்தான். பஸ் ஓட்டுகிறவன், சூதுவாது தெரியாதவன். அக்கா பாட்டெல்லாம் வேண்டும், கடைசியாகப் பாடியதும் வேண்டும் என்றான்.

அவனைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். அந்தப் பதிவில் அவள் பாடியது இரண்டு நிமிடம். மீதி ஒன்பது நிமிடம் இசை மட்டும். ஆஸ்துமா வந்து மயங்கிவிட்டாள், இசை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று எல்லோரிடமும் நான்தான் சொல்லியிருந்தேன். இப்போது வெட்டிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பான்.

தரத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் இசை தகரம் மாதிரி ஆனது, அடியில் இருந்தது மறைந்தது. ஒலிக் காப்பகத்தில் எனக்கு இருபது வருஷப் பழக்கம் ஒன்று உண்டு. மூலத்திலிருந்து சுருக்கியதைக் கழித்து, எறிந்தது என்ன என்று தனி ஃபைலாக எடுத்துக் கேட்பேன். அன்றும் கழித்தேன். இசை பெரும்பாலும் போய்விட்டது. கரகரப்புக்கு நடுவே அவள் மட்டும் இருந்தாள்.

"கதவைத் திறங்க. அந்த மருந்தை மட்டுமாவது குடுங்க."

மூலத்தை அழித்தேன். அவசரத்தில் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். கழித்தெடுத்த ஃபைலும் அதற்குள்தான் இருந்தது. அவன் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. தெருவில் பஸ் ஹாரன் கேட்டாலே எழுந்து விளக்கை அணைத்தேன். ஐந்தாம் நாள் வந்தான். உட்காரவில்லை.

"அக்கா யாருகிட்ட மருந்து கேக்குது மாமா?"

என்னிடம்தான் சார். தம்பி வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று காலையில் சொன்னாள். அவள் பாடப் பின்னறைக்குள் போனதும், கொஞ்சம் ஆறட்டும் என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன். இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. கதவை ஒட்டித்தான் நின்றேன், எல்லாம் கேட்டது. திறந்திருப்பேன். பாட்டு நடுவில் யாராவது உள்ளே வந்தால் அவளுக்குப் பிடிக்காது, அதனால்தான் முடியட்டும் என்று நின்றேன்.